கடையின் பெயர் வெளியே... செய்தவரின் அடையாளம் உள்ளே!

தாத்தா காலமாகிவிட்டார். வீட்டை விற்க முடிவாகிவிட்டது. பரணைக் காலி செய்யும்போது, பழைய போர்வைக்குள் ஒரு கிட்டார் கிடைக்கிறது. கம்பிகளில் துரு. முகப்பெல்லாம் கீறல். தலைப்பகுதியில் 'ரெக்கார்டிங் கிங்' என்று ஒரு பெயர். பேரன் போனில் தேடிப் பார்க்கிறான். 'மான்ட்கோமரி வார்டு கடையில் விற்றது' என்று வருகிறது. "ப்பூ... கடைச் சரக்குதானா!" வாசலில் பரப்பிய பழைய சாமான்களோடு கிட்டாரும் போய்விடுகிறது.

அமெரிக்காவில் எத்தனையோ வீடுகளில் நடக்கக்கூடிய காட்சி இது. ஆனால், அந்தப் பேரன் கை நழுவவிட்டது ஒரு புதையலாகக்கூட இருக்கலாம்!

வார்டு, சியர்ஸ் இரண்டும் சிகாகோவைச் சேர்ந்த பெரிய கடைகள். தடிமனான விலைப்பட்டியல் புத்தகத்தைத் தபாலில் அனுப்பும். கிராமத்து விவசாயி அதைப் புரட்டி, கலப்பை முதல் கிட்டார் வரை ஆர்டர் செய்வார். சரக்கு ரயிலேறி வந்து சேரும். நகரத்து இசைக்கடையைக் கண்ணால் பார்க்காத பிள்ளைகள் பலர் முதல் கிட்டாரைத் தொட்டது இப்படித்தான்.

கடைகள் தங்கள் பெயரில் விற்றாலும், கிட்டாரைச் செய்தவர்கள் வேறு. நம் ஊர் சூப்பர் மார்க்கெட்டில் கடையின் பெயரிலேயே ஊறுகாய் விற்பார்களே, அந்தக் கதைதான். சியர்ஸ் ஒரு படி மேலே போய், 1916-ல் ஹார்மனி என்ற கிட்டார் கம்பெனியையே வாங்கிவிட்டது. அங்கிருந்து வந்தவை 'சூப்பர்டோன்', பிறகு 'சில்வர்டோன்' என்ற பெயர்களில் விற்றன.

வார்டு கதைதான் சுவாரஸ்யம். 1929-ல் தொடங்கிய பொருளாதார வீழ்ச்சியில் இசைக்கருவி வியாபாரம் படுத்துவிட்டது. பெரும் பெயர் பெற்ற கிப்சன் கம்பெனியே, தொழிலாளர்களுக்கு வேலை கொடுக்க மர பொம்மை செய்து விற்ற காலம் அது! அதே கிப்சன்தான், மிச்சிகன் மாநிலம் கலமசூவில் இருந்த தன் தொழிற்சாலையில் வார்டுக்காக 'ரெக்கார்டிங் கிங்' கிட்டார்களைச் செய்து கொடுத்தது. மேலே கிப்சன் பெயர் இருக்காது.

அவற்றில் அபூர்வமானது ரே விட்லி மாடல். விட்லி, கௌபாய் படங்களில் பாடி நடித்தவர். 1937-ல் கிப்சன் தன் புகழ்பெற்ற பெரிய எஸ்.ஜே-200 கிட்டாரை முதலில் செய்து கொடுத்தது இவருக்குத்தான். சில ஆண்டுகளில் இவர் பெயரைத் தாங்கிய கிட்டார் வார்டு விலைப்பட்டியலிலும் வந்தது. 1027 என்ற எண் ரோஸ்வுட் உடல். 1028 மஹாகனி உடல். இன்று சேகரிப்பாளர்கள் தேடித் திரிகிற கருவிகள் இவை.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது?

பெயரை மட்டும் நம்பக்கூடாது. வார்டு மற்ற தொழிற்சாலைகளிலும் கிட்டார் வாங்கியது. எனவே உள்ளே பார்க்க வேண்டும். போன் டார்ச்சும், பல் டாக்டர் வைத்திருப்பது போன்ற குட்டிக் கண்ணாடியும் போதும்.

ஒலித்துளை வழியாக, கழுத்து உடலோடு சேரும் இடத்தில் உள்ள மரக்கட்டையைப் பாருங்கள். முத்திரை ஏதாவது தெரிகிறதா? 1935 முதல் 1941 வரை கிப்சன் தன் ஆர்டர் எண்ணோடு ஆங்கில எழுத்துகளைச் சேர்த்தது. முதல் எழுத்து ஆண்டைச் சொல்லும். 'ஏ' என்றால் 1935, 'பி' என்றால் 1936... 'இ' 1939, 'ஜி' 1941. இரண்டாவது எழுத்து பிராண்டைச் சொல்லும். 'ஜி' என்றால் கிப்சன். 'கே' என்றால் அதன் மலிவு ரகமான கலமசூ. 'டபிள்யூ' என்றால் வார்டு! ஆக, 'இ', 'டபிள்யூ' என்று மங்கலாகத் தெரிந்தால், 1939-ல் கிப்சன் தொழிற்சாலையில் பிறந்த குழந்தை அது.

இன்னொரு அடையாளம், இல்லாத ஒன்று! கழுத்து வளைந்தால் திருகிச் சரிசெய்யும் இரும்புக் கம்பியை, கிப்சன் தன் பெயர் போட்ட கிட்டார்களுக்கு மட்டுமே வைத்துக்கொண்டது. கடைகளுக்குக் கொடுத்தவற்றில் அது இல்லை. 'இதில் அந்தக் கம்பி இல்லையே, அப்படியானால் கிப்சன் இல்லை' என்று சொல்பவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

பிறகு உட்பக்கத்துச் சட்டங்கள். மலிவான கிட்டார்களில் முகப்புப் பலகையின் உள்ளே ஏணிப்படி போலக் குறுக்கே ஒட்டியிருப்பார்கள். உயர்ந்த ரகங்களில் பெருக்கல் குறி போல ஒன்றை ஒன்று வெட்டிச் செல்லும். ஒரே ஓர் அடையாளத்தை வைத்து முடிவு செய்யாமல், எல்லாம் ஒரே பக்கம் கை காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும்.

அதுவரை செய்யக்கூடாதவை: உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். புது வார்னிஷ் அடிக்காதீர்கள். பழைய மெருகு போனால் மதிப்பும் பெருமளவு போய்விடும். துருப்பிடித்த கம்பிகளை முறுக்கி வாசித்துப் பார்க்கவும் வேண்டாம். கழுத்து வளையலாம், ஒட்டு விடலாம். பழைய கருவிகளைச் செப்பனிடத் தெரிந்தவரிடம் முதலில் காட்டுங்கள்.

தேடிப் பார்த்து அது சாதாரண ரகம் என்றே தெரிந்தாலும் நஷ்டமில்லை. விலைப்பட்டியலைப் புரட்டிப் புரட்டி, காசு சேர்த்து, ரயில் வரும் நாளுக்காகக் காத்திருந்த ஒரு இளைஞனின் முதல் கிட்டார் அது. அந்த இளைஞன்தான் தாத்தா!