விடுதியும் கல்வியே

எஸ்.பி.எம். தேர்வு முடிவுகள் வெளியானதும் பேராக் மாநிலத்தின் கோயில் மண்டபங்கள் களைகட்டுகின்றன. பத்து 'ஏ' பெற்ற பிள்ளைக்கு மாலை, பெற்றோருக்குப் பொன்னாடை, தலைவர்களுக்கு நீண்ட உரை. விழா முடிந்து நாற்காலிகளை அடுக்கும் வேளையில், அந்தப் பிள்ளை இனி எங்கே தங்கிப் படிக்கப் போகிறது என்று கேட்பதற்கு ஆளில்லை. கேட்டிருக்க வேண்டிய முதற் கேள்வி அதுவே.

விடுதி இரவில் தலைசாய்க்கும் இடம், கல்வி விரிவுரை மண்டபத்தில் நடப்பது என்னும் எண்ணம் தமிழ்ப் பெற்றோரிடையே வேரூன்றிக் கிடக்கிறது. இதனினும் தவறான எண்ணம் வேறில்லை. பேராக் மண்ணின் வரலாறே இதற்குச் சான்று கூறும்.

1905-இல் கோலகங்சாரில் மலாய்க் கல்லூரி தோன்றியது. அரச குடும்பத்துப் பிள்ளைகளையும் பெருங்குடிப் பிள்ளைகளையும் ஆட்சிப் பணிக்கு ஆயத்தம் செய்ய விரும்பிய ஆங்கிலேயர், அவர்களை வீட்டிலிருந்து வந்துபோக விடவில்லை. விடுதியிலேயே வைத்து வளர்த்தனர். 1922-இல் தஞ்சோங் மாலிமில் சுல்தான் இட்ரிஸ் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி எழுந்தது. கம்பத்துப் பிள்ளைகள் பல மாநிலங்களிலிருந்து அங்கு வந்து ஒரே கூரையின்கீழ் உண்டனர், உறங்கினர், வாதிட்டனர். அக்கூரையின்கீழிருந்தே மலாய் எழுத்தாளர்களும் விடுதலை உணர்வாளர்களும் கிளம்பினர். 1938-இல் இளைய மலாயர் சங்கத்தை முன்னின்று அமைத்த இப்ராஹிம் யாக்கோப் அக்கல்லூரியின் மாணவரே. அவர்களை ஒரு தலைமுறையாக உருவாக்கியதில் பாடநூலுக்கு உள்ள பங்கு விடுதிக்கும் உண்டு.

அதே காலத்தில் தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைக்குக் கிடைத்தது என்ன? பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி அமைக்க வேண்டும் என்றது 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம். பள்ளி லயத்துக்கு அருகில் அமைந்தது. லயம் பால்மரத்துக்கு அருகில் இருந்தது. பிள்ளை தோட்டத்து எல்லையைத் தாண்ட வேண்டிய தேவையே எழவில்லை. ஒரு பிள்ளையை வெளியே அழைத்துக் கல்வி தருவதற்கும், இருந்த இடத்திலேயே இருத்திக் கல்வி தருவதற்கும் உள்ள வேறுபாட்டை அன்றைய ஆட்சியாளர் நன்கறிந்திருந்தனர். வேறுபாட்டின் விலையைக் கொடுத்தவர் தோட்டத் தொழிலாளரே.

அந்தத் தோட்டங்கள் இன்று இல்லை. பால்மரம் நின்ற இடத்தில் செம்பனையும் வீடமைப்புத் திட்டங்களும் நிற்கின்றன. லயத்தை விட்டவர்கள் ஈப்போவின் புந்தோங்கிலும் சுங்கை சிப்புட்டிலும் தெலுக் இந்தானிலும் குடியேறிவிட்டனர். பிரட்டுக்களம் மறைந்தது, தோட்டத்து வேலி மட்டும் மனத்துக்குள் மறையாமல் நிற்கிறது.

இல்லையெனில், அரிதிற் கிடைத்த இடத்தைத் தொலைவைக் காரணங்காட்டி மறுக்கும் வழக்கத்துக்கு என்ன பொருள்? மெட்ரிகுலேசன் கல்லூரிகளின் வாசல் இன ஒதுக்கீட்டால் நெடுங்காலம் குறுகியே இருந்தது. பத்து 'ஏ'யும் அதற்கு மேலும் பெற்ற மாணவர்க்கு இன வேறுபாடின்றி இடம் உண்டு என்னும் அறிவிப்பு 2024-இல்தான் வந்தது. ஈப்போவுக்குத் தெற்கே கோப்பேங்கில் உள்ள பேராக் மெட்ரிகுலேசன் கல்லூரி உட்பட அவை தங்கிப் படிக்கும் கல்லூரிகள். ஆறாம் படிவத்தின் தகுதியை நன்கு ஆராய்ந்து அதனைத் தேர்ந்தெடுக்கும் மாணவரைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. பெட்டி தூக்கிப் புறப்பட அஞ்சி அதனைத் தேடுவதே குற்றம்.

பெண்பிள்ளையை எப்படி அனுப்புவது என்பர். நான்கு மணிக்கு விழித்து வெளிக்காட்டுக்குத் தனியே பால்மரம் சீவப் போன தாயை எவரும் அவ்வாறு கேட்கவில்லை. அவள் மகள் நூலகத்துக்குப் போகும்போது மட்டும் அச்சம் பிறக்கிறது. விடுதியின் காவலும் ஒழுங்கும் எப்படி என்று நேரிற் சென்று பார்ப்பது பெற்றோரின் கடமை. பார்க்காமலே மறுப்பது கடமையாகாது.

தமிழ் மறந்துபோகும் என்பர். மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை 1956 முதல் இயங்குகிறது. அங்குள்ள தமிழ்ப் பேரவை நடத்தும் சிறுகதைப் போட்டியிலிருந்து 'பேரவைக் கதைகள்' நூல்கள் வெளிவந்துள்ளன. வீட்டைப் பிரிந்து வந்த மாணவர்களே அப்பணியைத் தோளில் சுமந்தனர். தஞ்சோங் மாலிமின் பழைய பயிற்சிக் கல்லூரி 1997-இல் பல்கலைக்கழகமாயிற்று; இன்று அங்குத் தமிழ்மொழிக் கல்வியிலும் பட்டம் பெறலாம். விடுதி தமிழை அழிக்கும் என்பது ஆராயாதார் கூற்று.

செல்லத் துணிந்த மாணவரும் விடுதியைத் தேர்வதில் தடுமாறுகின்றனர். ஊர்க்காரர் எந்தக் கட்டடத்தில் இருக்கிறார் என்பதே பலருக்கு ஒரே அளவுகோல். நூலகமும் துறையும் நடைத்தொலைவில் உள்ளனவா, இரவில் திரும்பப் பேருந்து உண்டா, அமைதியாகப் படிக்க இடம் உண்டா, இரண்டாம் ஆண்டிலும் அறை கிடைக்குமா என்பவையே கேட்க வேண்டியவை. விடுதி நடவடிக்கைகளில் பங்கேற்றவர்க்கே அடுத்த ஆண்டில் முன்னுரிமை தரும் பல்கலைக்கழகங்கள் உள. அறைக்குள் ஒடுங்கிக் கிடப்பவர் அறையையே இழப்பர். அறைத்தோழர் வேற்றினத்தவராக அமைந்தால் அது இழப்பன்று. நாட்டு மொழியும் நாட்டு மக்களும் அறைக்குள்ளேயே வந்து சேர்ந்த பேறு. கம்பாரில் உள்ள துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழக மாணவரிற் பெரும்பாலோர் வாடகை வீடுகளில் தங்குகின்றனர். அத்தகைய இடங்களில் வீட்டைத் தேர்வதே விடுதியைத் தேர்வது. வாடகைக் குறைவு ஒன்றையே பார்ப்பது அறிவுடைமையாகாது.

பணமில்லை என்னும் தடை மட்டும் மெய்யானது. அதனைப் பெற்றோர் தலையில் ஏற்றிவிட்டு விலகுவது அறமன்று. பொன்னாடைக்கும் விருந்துக்கும் செலவிடும் சங்கங்கள், அப்பணத்தை விடுதிக் கட்டணத்துக்கும் முதற் பயணச் செலவுக்கும் ஒதுக்கலாம். விண்ணப்பப் பாரத்தை மாணவரோடு அமர்ந்து நிரப்புவதும், பெற்றோரை விடுதிக்கு ஒருமுறை அழைத்துச் சென்று காட்டுவதும் தமிழாசிரியர்க்கு இயலாத பணிகளல்ல. தேர்வு வரை உடன் வந்த ஆசிரியர் விடுதியின் வாயில் வரை வருதல் வேண்டும்.

பாராட்டு விழாவில் சூட்டிய மாலை மறுநாளே வாடிவிடும். அந்தப் பிள்ளையின் கையில் ஓர் அறையின் சாவி இருக்கிறதா என்பதைக் கொண்டே அவ்விழாவின் பயனை அளக்க வேண்டும்.