விசுவாசமான பிள்ளை வேணுமாம்

நாய்ப் படம் ஒன்றைப் போட்டால் போதும், நம்ம பெரியவர்களுக்கு உடனே ஒரு பாடம் வந்துவிடும். "நாய்கிட்ட இருக்கிற விசுவாசம் மனுசங்ககிட்ட இல்ல, அத நாமளும் படிச்சிக்கணும்." 'ஆல் டாக்ஸ் கோ டு ஹெவன்' என்ற கார்ட்டூன் படத்துக்கும் இதே பாடத்தைத்தான் ஒட்டுகிறார்கள். எல்லா நாயும் சொர்க்கத்துக்குத்தான் போகும் என்று பெயரிலேயே இருக்கிறதே, அப்புறம் என்ன? படத்தை முழுதாகப் பார்த்தவர்கள் இப்படிச் சொல்லமாட்டார்கள் என்பது எங்கள் கட்சி. இது விசுவாசமான நாயின் கதை இல்லை. சொர்க்கத்திலேயே திருடிவிட்டு ஓடிவந்த நாயின் கதை.

படம் 1989இல் வந்தது. டிஸ்னியை விட்டு 1979இல் வெளியேறிய டொன் புளூத் இயக்கியது. அமெரிக்காவில் 'தி லிட்டில் மெர்மெய்ட்' வெளியான அதே நவம்பர் 17இல் இதுவும் வெளியானது. வசூலில் கடற்கன்னிதான் ஜெயித்தாள். கதை நடப்பது 1939இல், நியூ ஓர்லியன்ஸ் நகரத்தில். சார்லி ஒரு சூதாட்டக்கார நாய். கூட்டாளி கார்பேஸ் அவனைக் கார் மோதிச் சாகும்படி செய்துவிடுகிறான். மேலே போனால், தேவதையாக நிற்கிற ஒரு பெண் நாய் விளக்கம் சொல்கிறது: நாய்கள் மனிதர் மாதிரி இல்லை, பிறவியிலேயே நல்லவை, விசுவாசமானவை, ஆகவே எல்லா நாய்க்கும் இங்கே இடம் உண்டு. (நம்ம ஆட்கள் இந்த வசனத்தோடு எழும்பிப் போய்விடுகிறார்கள் போல.) சார்லி என்ன செய்கிறான்? அந்தத் தேவதையை ஏமாற்றி, நின்றுபோன தன் ஆயுள் கடிகாரத்தை எடுத்துச் சாவி கொடுத்துவிட்டுப் பூமிக்குத் திரும்பிவிடுகிறான். இனி நீ இங்கே வரவே முடியாது என்ற குரல் பின்னால் துரத்துகிறது.

அந்தக் கடிகாரத்தைத் தோட்டத்துப் பிள்ளைக்கு விளக்கத் தேவையில்லை. விடிந்ததும் பெரட்டு. கொழுந்து மலையில் சொன்ன கிலோ வராவிட்டால் அரைப்பேர். காலையிலிருந்து நின்ற கால் முழு நாள் நின்றிருக்கும், செக்ரோலில் அது அரை நாளாகிவிடும். றப்பர் மலையில் வேறு கதை: மழை பெய்தால் பால்வெட்டு இல்லை, பால்வெட்டு இல்லாவிட்டால் பேரும் இல்லை. இரத்தினபுரியில் மழை பெய்யாத மாதத்தைத் தேடிப் பாருங்களேன். நம்ம நேரம் எப்போதும் இன்னொருவர் பையில் இருக்கிற கடிகாரம். அதை ஒருத்தன் தட்டிப் பறித்துக்கொண்டு ஓடுகிறபோது நம்ம பிள்ளைகள் கைதட்டினால், அவர்கள் ஒழுக்கம் கெட்டவர்கள் என்று அர்த்தமில்லை.

கேகாலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் நாங்கள் இதை ஒரு லெப்டொப்பில் காட்டினோம். தமிழ்க் குரல் கிடைக்கவில்லை. ஆங்கிலத்தில் ஓடவிட்டு, எங்களில் ஒருவர் நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொன்னார். பின்வரிசைப் பெடியன்கள் அதைச் சிங்களத்தில் தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள். சப்ரகமுவவில் அப்படித்தான். மலையகம் என்றாலே ஹட்டன், நுவரெலியா என்று எழுதுகிறவர்களுக்கு எட்டியாந்தோட்டையும் தெரணியகலையும் இறக்குவானையும் கண்ணில் படுவதே இல்லை, அது வேறு சண்டை. படம் முடிந்ததும் ஒரு பெரியவர் எழுந்து, "நாய் மாதிரி நன்றியோட, விசுவாசமா இருந்தா நீங்களும் நல்லா வருவீங்க" என்று வாழ்த்தினார். நல்ல மனுசன்தான். ஆனால் அந்த இடத்தில் அந்தச் சொல் விழுந்ததை எங்களால் விழுங்க முடியவில்லை.

ஏனென்றால் படத்தின் நடுவில் ஒரு பிள்ளை இருக்கிறாள். ஆன் மேரி. தாய் தகப்பன் இல்லாதவள். மிருகங்களோடு பேசத் தெரிந்தவள். பந்தயத்தில் எது ஜெயிக்கும் என்று அந்த மிருகங்களிடமே கேட்டுச் சொல்லிவிடுவாள். அதற்காகவே கார்பேஸ் அவளை அடைத்து வைத்திருக்கிறான். சார்லி அவளை மீட்கிறான், ஆனால் எதற்கு? அதே வேலையைத் தனக்குச் செய்ய. ஜெயிக்கிற காசில் ஏழைகளுக்கு உதவலாம், உனக்கு அம்மா அப்பா தேடித் தரலாம் என்று வாக்குக் கொடுக்கிறான். வந்த காசில் கட்டுவது தன் சூதாட்ட மண்டபத்தை. கார்பேஸ் அதட்டி வேலை வாங்குகிறான், சார்லி கொஞ்சி வேலை வாங்குகிறான். பிள்ளையின் கையில் என்னவோ ஒன்றும் இல்லை.

இது நமக்குப் பழகிய ஏற்பாடு. கங்காணி காலத்தில் 'துண்டு' என்று ஒன்று இருந்தது. இத்தனை ரூபா கடனைக் கட்டினால் இந்த ஆட்களை விடுகிறேன் என்று துரை எழுதிக்கொடுக்கிற சீட்டு. 1921இல்தான் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள். அதட்டுகிற கங்காணியும் இருந்தான், "நம்ம புள்ள" என்று தோளில் கை போடுகிற கங்காணியும் இருந்தான். கடன் கணக்கு ரெண்டு பேரிடமும் ஒரே மாதிரித்தான் ஏறியது.

விசுவாசம் என்ற சொல்லை வைத்து நம்மை அளந்தது தோட்டம் மட்டுமா? 1948இல் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தபோது இவர்களுடைய பற்று இந்தியாவோடு என்றுதான் வாதம் செய்தார்கள். நூறு வருசத்துக்கு மேல் இந்த மண்ணைக் கொத்தியது பற்றுக் கணக்கில் சேரவில்லை. 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் அங்கே, 3,00,000 பேர் இங்கே என்று பிரித்து, 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று ஒதுக்கி வைத்தார்கள். 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களில் லயங்களைத் தாக்கியவர்கள் யாருடைய விசுவாசத்தையும் விசாரித்துவிட்டு வரவில்லை. இத்தனைக்குப் பிறகும் நம்ம பிள்ளைக்கு நாமே விசுவாசப் பாடம் நடத்துகிறோம் என்றால், அது யாருக்காக?

தைப்பொங்கலுக்கும் தீபாவளிக்கும் தோட்டத்துக்கு வருகிற புரோக்கர்மாரின் வாயைக் கவனித்திருக்கிறீர்களா? "விசுவாசமான புள்ள ஒண்ணு இருந்தாச் சொல்லுங்க. நல்ல வீடு. சாப்பாடு, உடுப்பு எல்லாம் குடுப்பாங்க. சொந்தப் புள்ள மாதிரி." கெட்டிக்காரப் பிள்ளை வேண்டும் என்று கேட்கமாட்டார்கள், கணக்குத் தெரிந்த பிள்ளை கட்டாயம் வேண்டாம். 2021 ஜூலையில் டயகமவைச் சேர்ந்த 16 வயதுப் பிள்ளை ஒருத்தி, கொழும்பில் வேலைக்கு இருந்த வீட்டிலிருந்து தீக்காயங்களோடு ஆஸ்பத்திரிக்குப் போய் அங்கே இறந்தாள். நாடே பேசியது. ஊர்வலம் போனோம், பதாகை பிடித்தோம். வேலைக்கு வைக்கக்கூடிய ஆகக் குறைந்த வயதை 14இலிருந்து 16 ஆக்கிய திருத்தச் சட்டம் வந்ததும் அதே வருசம்தான். சட்டம் வயதைப் பார்க்கும். புரோக்கர் கேட்கிற அந்தச் சொல்லைப் பள்ளிக்கூடமும் கோயிலும் சிறுவர் தினக் கூட்டமும் சேர்ந்து பிள்ளைக்குள் தயார் செய்து வைத்திருந்தால், சட்டம் அதை எங்கே போய்ப் பிடிக்கும்?

"அப்ப நன்றி கெட்டவனா வளக்கச் சொல்றீங்களா?" என்று கேட்பார்கள். இல்லை. விசுவாசம் எந்தப் பக்கம் ஓடவேண்டும் என்பதுதான் எங்கள் கேள்வி. நாயும் சொர்க்கமும் வருகிற கதை நம்மிடம் முன்னமே இருக்கிறது. நம்ம தோட்டங்களில் அர்ச்சுனன் தபசு ஆடுகிற பெரியவர்களிடம் கேளுங்கள், மகாபாரதத்தின் கடைசிப் பயணத்தைச் சொல்வார்கள். தம்பிமாரும் பாஞ்சாலியும் வழியில் விழுந்துவிட, தருமரோடு மிஞ்சியது ஒரு நாய். இந்திரன் ரதத்தோடு வந்து, நாயை விட்டுவிட்டு ஏறு என்கிறான். என்னை நம்பி வந்ததை விட்டுவிட்டு எனக்குச் சொர்க்கம் வேண்டாம் என்கிறார் தருமர். கவனியுங்கள், அங்கே பரீட்சை நாய்க்கு இல்லை. ராஜாவுக்கு. பலமுள்ளவன் தன்னை நம்பினவரைக் கைவிடுகிறானா என்றுதான் பார்க்கிறார்கள்.

சார்லியின் கதையும் கடைசியில் அங்கேதான் போய்ச் சேருகிறது. தண்ணீருக்குள் கடிகாரம் ஒரு பக்கம் விழுகிறது, ஆன் மேரி ஒரு பக்கம் மூழ்குகிறாள். கடிகாரத்துக்குள் தண்ணீர் போனால் அவன் கதை முடிந்தது. அவன் பிள்ளையைத் தூக்குகிறான். சொர்க்கக் கதவு திரும்பத் திறப்பது அதற்காக. முதல் தடவை நாயாகப் பிறந்ததால் இடம் கிடைத்தது, ரெண்டாம் தடவை தன்னைவிடச் சின்னவளுக்குக் கடமைப்பட்டதால் கிடைக்கிறது. எஜமானுக்கு வாலாட்டியதற்கு இந்தப் படத்தில் யாருக்கும் எதுவும் கிடைப்பதில்லை. படத்தில் எஜமானே இல்லையே!

பிள்ளைகளுக்கு இது ரொம்ப இருட்டான படம் என்று சொல்பவர்களும் உண்டு. சாவு வருகிறது, நரகக் கனவு வருகிறது, உண்மைதான். 2016 மே மாதத்தில் புளத்கொஹுப்பிட்டிய பக்கம் மண் சரிந்து லயத்தை மூடியதைத் தெரிந்து வளர்ந்த பிள்ளைகளிடம் கார்ட்டூன் இருட்டை மறைத்து என்ன காண்பது? ஆன் மேரிக்குக் குரல் கொடுத்த ஜூடித் பார்சி, படம் வெளியாக முதல், 1988 ஜூலையில், 10 வயதில், தகப்பனாலேயே கொல்லப்பட்டாள். சின்ன வயதிலேயே நடித்துச் சம்பாதித்த பிள்ளை. வேலை செய்கிற பிள்ளைக்கு வீட்டுக்குள்ளும் காவல் இல்லாமல் போகும் என்பதைப் படத்துக்கு வெளியே அவள் வாழ்க்கை காட்டிவிட்டது.

படத்தில் எங்களுக்குப் பிடிக்காததும் இருக்கிறது. ஆன் மேரியைக் கடைசியில் ஒரு வசதியான தம்பதி எடுத்து வளர்க்கிறார்கள். அவள் சொல்லி ஜெயித்த காசு பற்றி ஒரு வார்த்தை இல்லை. நல்ல வீடு கிடைத்தால் கூலிக் கணக்கு முடிந்துவிடும் என்கிற முடிவு, புரோக்கர் சொல்கிற "நல்ல வீடு"க்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. பாட்டுகளும் சுமார்தான்.

இருந்தாலும் காட்டுங்கள். பலாங்கொடையிலோ காவத்தையிலோ லெப்டொப் ஒன்று கிடைத்தால் எங்களுக்கும் சொல்லுங்கள், வந்து தமிழில் சொல்லித் தருகிறோம். ஆசிரியர்மாரிடம் ஒன்று கேட்கிறோம்: பிள்ளை பள்ளிக்கூடம் விட்டுப் போகும்போது எழுதிக் கொடுக்கிற நற்சான்றிதழில் 'விசுவாசமும் கீழ்ப்படிவும் உள்ளவர்' என்ற வரியை எடுத்துவிடுங்கள். அந்தப் பிள்ளைக்கு எது நன்றாக வரும் என்று எழுதுங்கள், அது கணக்கோ கரப்பந்தோ. படம் காட்டுகிறவர்கள், சார்லியின் சூதாட்ட மண்டபம் எழும்புகிற இடத்தில் ஒருதரம் நிறுத்திவிட்டு, பிள்ளைகளிடம் ஒரு கேள்வியை மட்டும் கேளுங்கள்: "ஆன் மேரிக்கு இதுல எவ்வளவு குடுத்தாங்க?"