சாயம் போனால்தான் ஃபேஷன்

காவேரிப்பட்டினம் கடைவீதியில் கைலி எடுப்பவர்கள் விலைக்கு முன்னால் கேட்பது, "சாயம் போவுமாண்ணா?" போகும் என்று பெருமையாகச் சொல்லியே விற்ற புண்ணியவான்கள் அமெரிக்காவில் இருந்தார்கள். 1958-ல் நியூயார்க்கின் புரூக்ஸ் பிரதர்ஸ் நம் மெட்ராஸ் கட்டம்போட்ட கைத்தறித் துணியில் உடுப்பு தைத்து விற்றது. குளிர்ந்த தண்ணீரில் தனியாக அலசவேண்டும் என்று வாங்கியவர்களிடம் யாரும் சொல்லவில்லை. மெஷினில் போட்டார்கள், ஒரு நிறம் இன்னொன்றில் இறங்கி, கூடக் கிடந்த துணிக்கெல்லாம் ஹோலிப் பண்டிகை. சண்டைக்கு வந்தவர்களை விளம்பரக்காரர்கள் ஒரே வரியில் மடக்கினார்கள்: சாயம் போகும், அதற்கு உத்தரவாதம்! ஒவ்வொரு சலவைக்கும் ஒரு புது நிறமாம். அறுபதுகளில் கல்லூரிப் பையன்கள் அதைத் தேடித்தேடி வாங்கினார்கள். (நம்மூரில் சொல்லியிருந்தால் கடையைப் பூட்டியிருப்பார்கள்.) இன்று அங்கே 'மெட்ராஸ்' என்று விற்பவற்றில் பெரும்பாலானவை சாயம் போகாதவை.