புழு மாவு முதலில் கோழிக்குப் போகட்டும்

பிளாக் சோல்ஜர் ஈயின் புழுவை உலர்த்தி அரைத்த மாவு, புண்ணாக்குக்கு மாற்று என்ற பேச்சோடு பால்பண்ணை வாசலுக்கும் வந்துவிட்டது. நூற்றுக்கு நாற்பது புரதம் என்கிறார்கள். அந்த நாற்பதை அப்படியே நம்பித் தீவனம் கலக்க வேண்டாம் என்று கால்நடை மருத்துவர்களையும் தீவனம் தயாரிப்பவர்களையும் கேட்டுக்கொள்கிறோம்.

ஆய்வகம் நைட்ரஜனை அளந்து, 6.25-ஆல் பெருக்கிப் புரதம் என்று எழுதித் தருகிறது. புழுத் தோலின் கைட்டினிலும் நைட்ரஜன் உண்டு. அதனால் புழுவுக்கு 4.76-ஆல் பெருக்குவதே பொருத்தம் என்று நெதர்லாந்தின் வாகனிங்கன் ஆய்வாளர்கள் 2017-இல் காட்டினார்கள். அந்தக் கணக்கில் 40 சதவீதம் சுமார் 30-க்கு இறங்கிவிடும்.

கொழுப்பு இன்னும் பெரிய கேள்வி. எண்ணெய் எடுக்காத மாவில் அது 30 சதவீதத்தைத் தொடலாம். அதில் பெரும்பங்கு, தேங்காய் எண்ணெயில் உள்ள அதே லாரிக் அமிலம். பெருவயிற்றில் அது புரோட்டோசோவாவைக் கொல்லும், மீத்தேனைக் குறைக்கும். நார் செரிக்கும் பாக்டீரியாவையும் அதுவே அடக்கும். இந்தோனேசியாவில் நடந்த ஆய்வகச் சோதனைகளில் மீத்தேனோடு செரிமானமும் சேர்ந்தே குறைந்தது. வைக்கோலை நம்பி நிற்கும் மாட்டுக்கு இது லாபமில்லை. சினை முற்றிய மாட்டுக்கு வேறொரு ஆபத்தும் உண்டு. புழுத் தோலில் படியும் சுண்ணாம்பால் மாவின் கால்சியம் 5 சதவீதத்தைத் தாண்டலாம். கன்று ஈனுவதற்கு முந்தைய வாரங்களில் அவ்வளவு கால்சியம் கொடுப்பது பால் காய்ச்சலுக்கு வழிவிடும்.

கதவை மூடச் சொல்லவில்லை. டெக்சாஸில் தரம் குறைந்த உலர்புல் தின்ற காளைகளுக்குப் புழுவைக் கொடுத்தபோது, வழக்கமான புரதத் தீவனத்தைப் போலவே புல் உண்ணும் அளவு கூடியது. ஆனால் அந்த வேலையை யூரியாவும் பெருமளவு செய்யும். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியா என்று நாமே ஊர் ஊராகச் சொல்லிக்கொடுத்தோமே! நைட்ரஜன் கிடைத்தால் மாட்டின் பெருவயிறு தானே புரதம் கட்டிக்கொள்ளும். கோழிக்கும் மீனுக்கும் அந்த வசதி இல்லை. லைசினும் மெத்தியோனினும் தீவனத்திலேயே வர வேண்டும். விலை கூடிய புரதம் அங்கே போவதுதான் நியாயம். கறவையின் தொடக்கத்தில் இருக்கும் அதிகப் பால் தரும் மாடுகளுக்கு, பெருவயிற்றில் சிதையாமல் கடந்து செல்லும் புரதமாக, எண்ணெய் நீக்கிய மாவைச் சோதித்துப் பார்க்கலாம்.

பிரிட்டனில் 1986-இல் கண்டறியப்பட்ட மேட் கவ் நோய்க்குப் பிறகு, விலங்குப் புரதத்தைப் பண்ணை விலங்குகளின் தீவனத்தில் சேர்க்க ஐரோப்பா தடை போட்டது. பிறகு புழு மாவை 2017-இல் மீனுக்கும், 2021-இல் கோழி, பன்றிகளுக்கும் கொடுக்க அனுமதி கிடைத்தது. மாட்டுக்குக் கிடைக்கவில்லை. இந்தியாவிலும் கறவை மாட்டுத் தீவனத்தில் இறைச்சி, எலும்புத் தூள் கூடாது. உணவகக் கழிவில் வளர்ந்த புழுவைச் சலித்தெடுக்கும்போது அதன் குடலில் அந்தக் கழிவு மிச்சமிருக்கும். அதில் இறைச்சித் துண்டு இல்லை என்று யார் உறுதி சொல்வது? புழு காட்மியத்தையும் உடலில் சேர்த்துக்கொள்ளும்.

ஆகவே விற்பவரிடம் புரதத்தைக் கேட்பதற்கு முன் புழு எதைத் தின்று வளர்ந்தது என்று கேளுங்கள். மூட்டையில் அது அச்சாகியிருக்க வேண்டும். புழு மாவைப் பற்றி இந்த இதழுக்கு ஆய்வு முடிவு அனுப்புவோர், பால் அளவுடன் நார்ச்சத்துச் செரிமானத்தையும் பால் கொழுப்பையும் அளந்து அனுப்புங்கள்.