36 பந்தயங்களும் ஒரு மஞ்சள் கொடியும்

நாஸ்கார் கோப்பைத் தொடரை ஓர் ஆண்டு முழுவதும் பின்தொடர்வதற்கு அசாத்தியப் பொறுமை வேண்டும். பிப்ரவரியில் டேடோனாவில் தொடங்கி நவம்பர் வரை 36 பந்தயங்கள். பெரும்பாலானவை மூன்று மணி நேரத்தை ஒட்டி நீள்பவை. மழை பெய்தால் மறுநாளைக்குத் தள்ளிப்போகும். இந்தியாவிலிருந்து பார்ப்பவருக்கோ அமெரிக்காவின் ஞாயிறு பிற்பகல் என்பது பெரும்பாலும் திங்கட்கிழமையின் பின்னிரவு. இத்தனை நேரத்தை வாங்கிக்கொள்ளும் ஒரு தொடர், அந்த நேரத்துக்கு மதிப்பளிக்கும் முறையில் தன் வெற்றியாளரைத் தேர்ந்தெடுக்கக் கடமைப்பட்டது. ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக நாஸ்கார் அந்தக் கடமையிலிருந்து நழுவியே வந்திருக்கிறது.

இடப்பக்கமே திரும்பிக்கொண்டிருக்கும் கார்களில் பார்க்க என்ன இருக்கிறது என்பது வெளியாரின் வழக்கமான கேலி. தொடர்ந்து பார்ப்பவருக்குத் தெரியும், எந்த இரு தடங்களும் ஒன்றல்ல என்று. பிரிஸ்டல் அரை மைல் கிண்ணம். அங்கே இடிபடாமல் முந்துவது அரிது. 2.66 மைல் நீளமுள்ள டல்லடேகாவில் முன்னால் செல்லும் கார் காற்றைக் கிழித்துக் கொடுக்க, பின்னால் வருபவை ஒட்டிக்கொண்டே போகும். தனித்து ஓடுபவர் பின்தங்குவார். 1950இல் திறக்கப்பட்ட டார்லிங்டன் முட்டை வடிவம் கொண்டது. நிலத்தை விற்றவர் தம் மீன் குட்டையைத் தொடக்கூடாது என்றதால் ஒரு முனை குறுகிப்போனது என்பார்கள். ஒரு முனைக்குப் பொருந்தும்படி அமைத்த கார் மறுமுனையில் முரண்டு பிடிக்கும். பருவம் முழுவதையும் பார்ப்பவரின் இன்பம் இவ்வேறுபாடுகளில்தான் இருக்கிறது. 20ஆம் இடத்தில் தொடங்கி, பழுதான காரை வைத்துக்கொண்டு ஒன்பதாம் இடத்தில் முடிக்கும் ஓட்டுநரின் திறமையைச் செய்திச் சுருக்கம் காட்டாது.

பழைய புள்ளிமுறை அத்திறமையைக் கணக்கில் கொண்டது. 2003இல் மேட் கென்சத் ஒரே ஒரு பந்தயத்தில் மட்டும் வென்று, ஆண்டு முழுதும் தடுமாறாத ஓட்டத்தால் பட்டம் பெற்றார். எட்டுப் பந்தயங்களில் வென்ற ரயன் நியூமனுக்கு ஆறாம் இடமே கிடைத்தது. வெற்றிக்கு மதிப்பில்லையா என்ற முணுமுணுப்பு நியாயமானது. வெற்றிக்குரிய புள்ளிகளைக் கூட்டியிருந்தால் போதும். நாஸ்காரோ 2004இல் கடைசிப் பத்துப் பந்தயங்களைத் தனியே பிரித்தது. 2014இல் அதையும் கடந்து, படிப்படியாக வெளியேற்றி, எஞ்சும் நால்வரில் இறுதிப் பந்தயத்தில் முந்துபவருக்கே பட்டம் என்றாக்கியது. அதே ஆண்டில், ஒரு பந்தயத்திலும் வெல்லாத அதே நியூமன் பட்டப் போட்டியில் இரண்டாம் இடம் வரை வந்தார்! எந்தக் குறையைப் போக்கவென முறையை மாற்றத் தொடங்கினார்களோ, அது இன்னும் பெரிதாகித் திரும்பியது.

2025 நவம்பர் 2 அன்று ஃபீனிக்ஸில் நடந்தது இதன் உச்சம். இருபதாண்டுகளாகப் பட்டத்துக்கு ஏங்கிய டென்னி ஹாம்லின் 208 சுற்றுகள் முன்னிலை வகித்தார். மூன்று சுற்றுகள் எஞ்சியிருக்கையில் வில்லியம் பைரனின் டயர் வெடித்து மஞ்சள் கொடி விழுந்தது. ஹாம்லின் குழு நான்கு டயர்களையும் மாற்றியது. கைல் லார்சன் குழு இரண்டை மட்டும் மாற்றி முன்னே வந்தது. அன்று ஒரு சுற்றுகூட முன்னிலை வகிக்காத லார்சன் பட்டம் வென்றார். அவர் தகுதியற்றவர் என்று எவரும் சொல்ல முடியாது. விதிக்குள் நின்றுதான் வென்றார். ஆனால் ஒன்பது மாத உழைப்பை ஒரு டயர் முடிவுக்குள் அடைத்த விதியைப் பாராட்ட இயலவில்லை.

ஐபிஎல்லிலும் இறுதி ஆட்டம் ஒன்றுதானே என்று கேட்கலாம். அங்கே களத்தில் இருப்பவை பட்டத்துக்கு மோதும் இரண்டு அணிகள் மட்டுமே. ஃபீனிக்ஸில் நால்வருடன் பட்டத்துக்குத் தொடர்பில்லாத முப்பதுக்கும் மேற்பட்ட கார்கள் அதே தடத்தில் ஓடின. யார் சுவரில் மோதினாலும் எல்லாருக்கும் மஞ்சள் கொடிதான்.

இம்முறை தந்த பரவசத்தையும் மறைக்கலாகாது. 2022 அக்டோபரில் மார்ட்டின்ஸ்வில்லின் கடைசித் திருப்பத்தில் ராஸ் சாஸ்டெய்ன் காரைச் சுவரோடு உரசவிட்டு, முழு விசையில் ஐந்து கார்களைத் தாண்டி இறுதிச் சுற்றுக்குள் நுழைந்தார். பருவம் முழுவதின் கணக்கும் அந்தச் சில நொடிகளில் தொங்கியிராவிட்டால் எவரும் அதற்குத் துணிந்திருக்க மாட்டார்கள். அந்த ஒளித்துண்டை உலகமே பார்த்தது. அன்று அதனால் வெளியேறியவரும் ஹாம்லின்தான் என்பதை நினைவில் வைத்திருப்பவர்கள், பருவம் முழுவதையும் பார்த்தவர்கள்.

2026 முதல் வெளியேற்றச் சுற்றுகள் இல்லை. 16 பேர் கடைசிப் பத்துப் பந்தயங்களின் மொத்தப் புள்ளிகளுக்காக மோதுவர். வெற்றிக்கு 40க்குப் பதில் 55 புள்ளிகள். 2003இலேயே செய்திருக்க வேண்டிய அந்தத் திருத்தத்துக்கு இருபதாண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது. எனினும் முதல் 26 பந்தயங்களின் புள்ளிக் கணக்கு இப்போதும் திருத்தி எழுதப்படவே செய்கிறது. மார்ச் மாதத்துப் பின்னிரவொன்றில் கண்விழித்துப் பார்த்த பந்தயத்தின் புள்ளிகள் நவம்பர் வரை அப்படியே நிற்க வேண்டும் என்ற ரசிகரின் கோரிக்கை இன்னும் நிறைவேறவில்லை.