மூச்சுக்கு விலை கிடையாது

இடது மார்பகப் புற்றுநோய்க்கான கதிர்ச் சிகிச்சை இதயத்தைப் பாதிக்கும் என்று கேள்வியுற்று, சிகிச்சையையே மறுக்கும் பெண்கள் நம்மிடையே உள்ளனர். 'எல்லாம் வீண் பயம்' என்று அவர்களின் வாயை அடைக்கும் வைத்தியர்களும் உள்ளனர். இரு சாராரும் தவறு என்பதே என் வாதம்.

முதலில் மறுப்பவர்களுக்கு. 2011 இல் 'லான்செற்' இதழில் வெளிவந்த கூட்டாய்வு 10,801 பெண்களின் விபரங்களை ஆராய்ந்தது. கட்டியை மட்டும் அகற்றிவிட்டுக் கதிர்ச் சிகிச்சை பெறாதோரில் 35 வீதமானோருக்குப் பத்தாண்டுகளுள் நோய் மீண்டது. பெற்றோரில் அது 19 வீதமே. சிகிச்சையைக் கைவிடுவது தீர்வாகாது.

இனி வாயடைப்போருக்கு. சுவீடன், டென்மார்க் நாடுகளில் 1958 முதல் 2001 வரை சிகிச்சை பெற்ற பெண்களை ஆராய்ந்து 2013 இல் வெளியான ஆய்வு, இதயத்தில் படும் சராசரிக் கதிரின் ஒவ்வொரு கிரே அலகுக்கும் மாரடைப்பு போன்ற பாரிய இதய நோய்களின் ஆபத்து 7.4 வீதத்தால் உயர்வதைக் காட்டியது. இந்த அளவுக்குக் கீழே தீங்கில்லை என்று கோடு கிழிக்க முடியவில்லை. ஆகவே பயத்திற்குக் காரணம் உண்டு. ஒவ்வொரு கிரேயையும் குறைப்பது கடமை.

குறைக்க வழியும் உண்டு. ஆழ மூச்செடுத்துச் சுமார் இருபது விநாடிகள் அடக்கினால் நுரையீரல் விரிகிறது, உதரவிதானம் தாழ்கிறது, இதயம் மார்புச் சுவரை விட்டு விலகுகிறது. அவ்வேளையில் மட்டுமே கதிர் பாய்ச்சப்படும். 'இதெல்லாம் பணக்கார நாடுகளின் ஆடம்பரம்' என்பார்கள். இங்கிலாந்தின் ரோயல் மார்ஸ்டன் வைத்தியசாலையில் இடம்பெற்று 2013 இல் வெளியான ஆய்வு இந்தச் சாட்டைத் தகர்த்துவிட்டது. விலையுயர்ந்த கருவி தந்த பாதுகாப்பை, நோயாளி தானாகவே மூச்சை அடக்குவதும் தந்தது. வேண்டியது பயிற்சியும் பொறுமையும் மாத்திரமே.

நுரையீரலைக் காப்பதில் புகைத்தலை நிறுத்துவது முதன்மையானது. கதிர்ச் சிகிச்சையால் பின்னாளில் நுரையீரல் புற்றுநோய் வரும் ஆபத்து, தொடர்ந்து புகைப்போருக்குச் சுமார் 4 வீதம் எனவும் புகைக்காதோருக்கு 0.3 வீதம் எனவும் 2017 இல் கணிக்கப்பட்டது. இதைச் சொல்லாமல் சிகிச்சையைத் தொடங்குவது அநியாயம்.

யாழ்ப்பாணத்திலோ ரொறன்ரோவிலோ இதை வாசிக்கும் சகோதரிகளே, சிகிச்சைத் திட்டம் கணினியில் வரையப்படும்போதே இதயத்துக்குரிய அளவும் கணிக்கப்படுகிறது. 'என் இதயத்தில் எத்தனை கிரே படும்? மூச்சடக்கும் முறை எனக்குப் பொருந்துமா?' என்று கேளுங்கள். விடை தரவேண்டியது அவர்களின் கடமை. கேட்பது உங்கள் உரிமை.