சும்மா கொடுத்தால் தப்பில்லையா?

"நான் என்ன விக்கவா செய்யறேன்? சும்மாதானே குடுக்கறேன்!" பாட்டைப் பகிர்வது பற்றி எங்கள் ஆம்பூர் பக்கம் எந்தப் பிள்ளையிடம் பேசினாலும் இந்த ஒரு வரியில் வழக்கை முடித்துவிடுவான். பிள்ளைகள் மட்டுமில்லை, வாட்ஸ்ஆப்பில் முழுப் படத்தையே அனுப்பிவைக்கும் மாமாக்களும் இதே கட்சிதான். காசு கைமாறவில்லை, அதனால் தப்பில்லை. இசை விஷயத்தில் இவ்வளவு பேர் இவ்வளவு உறுதியாக நம்பும் தவறு வேறு இருக்குமா என்று தெரியவில்லை.

ரசிகர்களே செய்து பரப்பும் டான்ஸ் கேம்களைப் பாருங்கள். 1998இல் ஜப்பானின் கொனாமி நிறுவனம் 'டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன்' இயந்திரத்தை இறக்கியது. திரையில் அம்புக்குறிகள் ஏறிவரும், தாளம் தப்பாமல் காலால் மிதிக்க வேண்டும். பிறகு 'ஸ்டெப்மேனியா' வந்தது. இலவச மென்பொருள், நிரலைக்கூடத் திருத்திக்கொள்ளலாம். ரசிகர்கள் பிடித்த பாட்டுக்கெல்லாம் தாங்களே ஸ்டெப் எழுதி, பாட்டையும் சேர்த்துக் கட்டிப் பகிர ஆரம்பித்தார்கள். மென்பொருள் இலவசம் என்பதால் அதற்குள் போடும் பாட்டும் இலவசம் என்று எப்படியோ ஆகிவிட்டது.

அந்த ஸ்டெப் கோப்பைத் திறந்தால் உள்ளே வெறும் எழுத்துதான். வரிக்கு நான்கு எண்கள், எண்ணுக்கு ஒரு அம்பு. பூஜ்யம் என்றால் சும்மா இரு, ஒன்று என்றால் மிதி. தலைப்பகுதியில் பாட்டின் பெயர், கலைஞர் பெயர், நிமிடத்துக்கு எத்தனை தாளம் என்று வரிகள் இருக்கும். ஸ்டெப் எழுதியவர் தன் பெயரைப் போட்டுக்கொள்ளவும் ஒரு வரி உண்டு. பாட்டை எந்த உரிமத்தில் எடுத்தோம் என்று சொல்ல மட்டும் வரி கிடையாது. வடிவமைத்தவர்களுக்கே தோன்றாதபோது ஆம்பூர்ப் பையனை எப்படிக் குறை சொல்வது என்று கேட்கலாம். சொல்லத்தான் வேண்டும்.

ஏனென்றால் அடுத்தவர் பொருளைச் சும்மாகூடக் கொடுக்கக் கூடாது என்பது அவன் வீட்டுக்குத் தெரிந்த நியாயம். இங்கே எத்தனையோ டேனரிகள் ஜாப் ஒர்க்கில் ஓடுகின்றன. தோல் இன்னொருவருடையது. கூலி பேசி, சாயமேற்றி, ஃபினிஷிங் முடித்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதில் பத்துத் தோலை உருவி மச்சானுக்குக் கொடுத்துவிட்டு, "ஒரு ரூபா வாங்கலை, சும்மாதான் குடுத்தேன்" என்று சொல்லிப் பார்க்கட்டும். பொருள் கையில் இருப்பது வேறு, அதைக் கொடுக்கும் உரிமை வேறு என்பது தோல் அடுக்குகிறவருக்கும் தெரியும். பாட்டை நகலெடுத்தால் அசல் குறையாதே என்பார்கள். குறையாதுதான். ஆனால் அது எங்கே, யார் பெயரோடு, எப்படிப் போக வேண்டும் என்று முடிவுசெய்யும் வாய்ப்பு, செய்தவர் கையைவிட்டுப் போகிறது.

சட்டமும் அவன் பக்கம் இல்லை. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 63ஆவது பிரிவு, தெரிந்தே மீறுகிறவருக்கு ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. லாபத்துக்காகச் செய்யவில்லை என்றால், நீதிபதி காரணத்தை எழுதிவைத்துத் தண்டனையைக் குறைக்கலாம். குற்றமே இல்லை என்று எங்கும் சொல்லவில்லை.

2017இல், அனுமதியில்லாமல் தன் பாடல்களை மேடையில் பாடக் கூடாது என்று எஸ்.பி.பாலசுப்பிரமணியத்துக்கு இளையராஜா நோட்டீஸ் அனுப்பியபோது டீக்கடைதோறும் அவருக்கு அர்ச்சனை நடந்தது. சம்பளம் வாங்கிட்டாரே, அப்புறம் என்ன? உரிமை இசையமைப்பாளருக்கா தயாரிப்பாளருக்கா என்பது நீதிமன்றப் படி ஏறிய தனிச் சண்டை. அந்தச் சண்டையில் எந்தத் தரப்பும் 'பாட்டு கேட்கிறவனுக்கே சொந்தம்' என்று வாதாடவில்லை. அதைச் சொல்வது நாம் மட்டும்தான்.

சினிமாக்காரர்கள் பணக்காரர்கள், தாங்குவார்கள் என்றே வைத்துக்கொள்வோம். மனமுவந்து கொடுத்தவர்கள் என்ன பாவம் செய்தார்கள்? 2002இல் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் வந்த பிறகு, எங்கெங்கோ இருக்கும் இசைக்கலைஞர்கள் தங்கள் பாட்டைத் தாங்களே திறந்துவிட்டார்கள். பலர் கேட்பது பெயரை மட்டும். சிலர் வணிகத்துக்குக் கூடாது என்பார்கள், சிலர் மாற்றக் கூடாது என்பார்கள். நம் ஆள் எதையும் படிப்பதில்லை. கேமுக்காகப் பாட்டை ஒன்றரை நிமிடத்துக்கு வெட்டுவது வழக்கம். 'மாற்றக் கூடாது' என்ற நிபந்தனை உள்ள பாட்டை அப்படி வெட்டிப் பகிர முடியாது. வெட்டாவிட்டாலும் சிக்கல்தான். ஓடும் படத்தோடு நேரம் பொருத்திச் சேர்த்தாலே பாட்டு மாற்றப்பட்டதாகத்தான் கணக்கு என்று அந்த உரிமங்களின் 4.0 பதிப்பே சொல்கிறது. நேரம் பொருத்துவதைத் தவிர இந்த விளையாட்டில் வேறென்ன இருக்கிறது? பெயர் போட்டால் போதும் என்ற உரிமத்தில் உள்ள பாட்டை எடுத்திருந்தால் இந்த வம்பே இல்லை. பெயரைப் போட்டு, உரிமத்தையும் பாட்டை மாற்றியிருக்கிறோம் என்பதையும் ஒரு தனி எழுத்துக் கோப்பில் எழுதிக் கூடவே வைத்தால் வேலை முடிந்தது.

பொதுச்சொத்து தானாக வானத்திலிருந்து விழுவதில்லை. பாரதி பாடல்களை இசைத்தட்டில் போடும் உரிமை ஒரு காலத்தில் ஜெசிங்லால் மேத்தா என்ற வணிகரிடம் இருந்தது, பிறகு ஏ.வி.மெய்யப்பன் கைக்குப் போனது. ஓமந்தூரார் ஆட்சியில் 1949இல் அரசு பாரதி படைப்புகளின் உரிமையைப் பெற்று, பின்னால் எல்லோருக்கும் திறந்துவிட்டது. யாரோ கொடுத்ததால்தான் பொதுவானது. அப்போதும் திறந்தது பாரதியின் எழுத்து. நேற்று ஒருவர் அதற்கு மெட்டுப் போட்டுப் பாடிய பதிவு அவருடையதுதான்.

நாட்டுப்புற இசைக்கு முதலாளியே கிடையாது என்று அடுத்த வாதம் வரும். குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவில் செல்போனைத் தூக்கிப் பிடித்துப் பம்பை அடிப்பதைப் பதிவு செய்தால் போதும் என்பார்கள். அடிக்கிற தாளம் பரம்பரைச் சொத்தாக இருக்கலாம். அன்று அடித்த அடி அந்தக் கலைஞருடையது. நிகழ்த்துவோருக்கும் உரிமை உண்டு என்று இதே சட்டம் சொல்கிறது. இளையராஜாவிடம் கேட்கத்தான் பயம் என்றால், பம்பைக்காரரிடம் கேட்க என்ன தடை?

கேட்கலாம். திருவிழாவுக்குக் கொடுக்கும் கூலியைக் கொடுத்து உட்காரவைத்து, உலகம் முழுக்கப் போகும் என்று விளக்கிச் சொல்லி, எழுத்தில் சம்மதம் வாங்கி, நல்ல மைக்கில் பதிவு செய்து, அவர் பெயரோடு திறந்த உரிமத்தில் விடலாம். கம்ப்யூட்டரில் செய்த பாட்டைப் போல அது ஒரே வேகத்தில் நிற்காது. சாமி வர வர வேகம் ஏறும். ஸ்டெப் எழுதுகிறவன் தாள எண்ணிக்கையை நூறு இடத்தில் மாற்ற வேண்டியிருக்கும். ராத்திரி முழுக்கக் கண்விழித்துச் சினிமாப் பாட்டுக்கு அம்பு அடுக்குகிற பிள்ளைகளுக்கு அது ஒன்றும் பெரிய வேலையில்லை.